கோட்டா ராமசாமி: டேவிஸ் கோப்பையும் டெஸ்ட் கிரிக்கெட்டும் ஆடிய வேளாண் அதிகாரி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டா ராமசாமி யார்?

1896 ஜூன் 16 அன்று சென்னையில் பிறந்தவர். 1922இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். 14 ஆண்டுகள் கழித்து, 1936இல், இந்தியாவுக்காக இங்கிலாந்தில் இரண்டு டெஸ்ட் போட்டிகள் ஆடினார். விளையாட்டு அவருக்குப் பிழைப்பாக இருந்ததில்லை. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்து மதராஸ் மாகாண வேளாண் துறையில் அதிகாரியாக வேலை பார்த்தார். பழைய பதிவுகளில் 'சி. ராமசாமி' என்றே இருக்கும். அந்த 'சி', கோட்டா என்ற குடும்பப் பெயரின் ஆங்கில முதலெழுத்து.

சென்னை கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சி பாபு நாயுடுவுக்கு இவர் என்ன உறவு?

மகன். மூன்று மகன்களில் கடைக்குட்டி. மூத்தவர்கள் வெங்கடராமானுஜுலுவும் பாலையாவும் தந்தை வழியில் 'எம்' என்ற முதலெழுத்தோடு ஆடினார்கள். ராமசாமி தாய்வழிக் குடும்பத்துக்குத் தத்துப் போனதால் பெயரில் கோட்டா சேர்ந்தது. அண்ணன் தம்பி என்று தெரியாமல் ஆட்ட அட்டையைப் படிப்பவர்கள் இவர்களை வேற்றாள் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

தந்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மகனின் கதை விளங்காது. அந்நாளில் சேப்பாக்கம் மைதானம் வெள்ளையர்களின் மதராஸ் கிரிக்கெட் கிளப்பின் இடம். இந்திய ஆட்டக்காரர்கள் அங்கே ஆட வந்தாலும் பெவிலியனுக்குள் நுழைய முடியாது, மரத்தடியில்தான் சாப்பாடு. அதைப் பொறுக்காமல்தான் 1888இல் புச்சி பாபு மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, இந்தியப் பையன்களுக்கு மைதானம், மட்டை, பந்து, பயிற்சி எல்லாவற்றையும் சொந்தச் செலவில் ஏற்படுத்தினார். மயிலாப்பூர் லஸ்ஸில் இருந்த அவர்கள் வீட்டில் விளையாட்டு அன்றாடம் நடப்பது. 1908இல் புச்சி பாபு காலமானபோது ராமசாமிக்கு 12 வயது. இந்தியர்களும் ஐரோப்பியர்களும் சமமாக மோதும் ஆட்டம் ஒன்று வேண்டும் என்று தந்தை போட்ட திட்டம் அந்த ஆண்டே நடந்தேறியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

டென்னிஸில் எவ்வளவு தூரம் போனார்?

வெஸ்லி பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தபின், 1919இலிருந்து 1923 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கே அவருக்கு 'ஹாஃப் ப்ளூ' என்ற பல்கலைக்கழக மரியாதை கிடைத்தது கிரிக்கெட்டுக்காக அல்ல, டென்னிஸுக்காக. கிரிக்கெட், துடுப்புப் படகு போன்ற சில ஆட்டங்களுக்கு மட்டுமே அன்று முழு 'ப்ளூ', டென்னிஸுக்குப் பாதிதான். ஆகவே 'ஹாஃப்' என்பதை அரைகுறைத் திறமை என்று படிக்கக் கூடாது.

இந்தியா டேவிஸ் கோப்பையில் முதலில் இறங்கியது 1921இல். அடுத்த ஆண்டு அணியில் ஃபைசி குடும்பத்து டென்னிஸ் வீரர்களோடு ராமசாமியும் இடம்பெற்றார். அவர் ஆடியது இரட்டையர் ஆட்டம். ருமேனியாவை இந்தியா வென்றது. அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் தோற்றது.

ஒரு டேவிஸ் கோப்பை மோதல் அன்று எப்படி நடக்கும் என்று தெரிந்தால் இரட்டையர் ஆட்டத்தின் எடை புரியும். மூன்று நாள், மொத்தம் ஐந்து ஆட்டம். முதல் நாள் இரண்டு ஒற்றையர், நடுநாள் ஒரே ஒரு இரட்டையர், கடைசி நாள் எதிராளிகளை மாற்றி மறுபடி இரண்டு ஒற்றையர். எல்லாமே அதிகபட்சம் ஐந்து செட். டை-பிரேக் என்பதே அன்று கிடையாது. இரண்டு கேம் முன்னிலை கிடைக்கும் வரை செட் நீண்டுகொண்டே போகும். முதல் நாள் 1–1 என்று முடிந்தால், மோதலின் போக்கை நடுநாள் இரட்டையர்தான் முடிவு செய்யும்.

அப்போதைய டென்னிஸ் மட்டையை வைத்துக்கொண்டு சென்னையில் ஆடுவது எப்படி இருந்திருக்கும்?

ஆட்டத்துக்கு ஈடாகப் பராமரிப்பும் வேண்டும். சட்டம் முழுக்க மரம்; எடை 370 முதல் 400 கிராம். நரம்பு, விலங்குக் குடலிலிருந்து முறுக்கியது. கடற்கரை ஊரின் ஈரம் இரண்டுக்கும் பகை. குடல் நரம்பு ஈரம் குடித்தால் தளர்ந்து, இழை பிரிந்து, அறுந்துவிடும். மரச் சட்டம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும். ஒருமுறை முறுக்கினால் பந்து நினைத்த இடத்துக்குப் போகாது. அதற்காகத்தான் ஆட்டம் முடிந்ததும் மட்டையை மரச் சட்டகத்துக்குள் வைத்து, நான்கு மூலைத் திருகுகளையும் ஒரே அளவில் இறுக்கி வைப்பார்கள். ஒரு மூலையை மட்டும் அதிகம் இறுக்கினால், அந்தச் சட்டகமே மட்டையை வளைத்துவிடும்.

அவருடைய வேலை என்ன?

மதராஸ் மாகாண வேளாண் துறையில் அதிகாரி. அன்றைய மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டும் அல்ல. கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் அடக்கம். வேளாண் அதிகாரி என்றால் மேசை முன் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவர் அல்லர். 'கேம்ப்' போட்டு ஊர் ஊராகப் போக வேண்டும்: அரசு விதைப் பண்ணை, விவசாயியின் நிலத்திலேயே போடும் மாதிரித் துண்டு, நெல், பருத்தி, கரும்பு, நிலக்கடலை ரகங்கள், உரக் கணக்கு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் அன்று சென்னையில் கிரிக்கெட் பருவம். சம்பா அறுவடையும் தை, மாசியில்தான். விதைக்கான கதிரை அறுவடைக்கு முன்பே நிற்கும் பயிரில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கலப்புச் செடியைப் பிடுங்க வேண்டும். களத்தில் தனியாக அடிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் அடுத்த ஆண்டு விதை கெடும். வேளாண் துறையின் முக்கியமான வாரங்களும் மாகாணத்தின் பெரிய கிரிக்கெட் ஆட்டமும் ஒரே நேரத்தில் வந்தன. ஓர் ஆசிரியரோ வழக்கறிஞரோ பொங்கல் விடுமுறையில் நிம்மதியாக ஆடலாம். வேளாண் அதிகாரிக்கு அது அவ்வளவு எளிதல்ல.

27 பருவங்களில் 53 முதல்தர ஆட்டங்கள்தானா? ஏன் இவ்வளவு குறைவு?

இந்தக் கேள்வியில்தான் பலரும் தவறான முடிவுக்குப் போகிறார்கள். 1915–16இலிருந்து 1941–42 வரை 53 முதல்தர ஆட்டம் (உயர்நிலை அணிகள் மோதும் பல நாள் ஆட்டம்), 2,400 ரன், சராசரி 28.91, இரண்டு சதம், அதிகபட்சம் ஆட்டமிழக்காமல் 127. இதைப் பார்த்து 'எப்போதாவது ஆடியவர்' என்று சொல்லிவிடுவார்கள்.

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 1934 வரை மதராஸ் ஆட்டக்காரர் ஒருவருக்கு உறுதியாகக் கிடைக்கும் முதல்தர ஆட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான்: இந்தியர்–ஐரோப்பியர் மோதும் மாகாண ஆட்டம், பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில். மக்கள் அதைப் 'பொங்கல் மேட்ச்' என்றே அழைத்தார்கள். வெளிநாட்டு அணி ஏதாவது வந்தால் இன்னும் ஒன்று கூடும். பம்பாய்க்காரர்களுக்குச் சமூகவாரி அணிகள் மோதும் நாற்கோண, ஐங்கோணப் போட்டிகள் இருந்தன; சென்னைக்கு அந்த வசதி இல்லை. 1934இல் ரஞ்சி கோப்பை வந்தது. ஆனால் அதுவும் அன்று நாக்-அவுட்: முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். இதற்கிடையே 1919இலிருந்து 1923 வரை அவர் இங்கிலாந்தில் மாணவர். மீதமிருந்த ஆண்டுகளில் அரசு வேலை.

27 பருவத்துக்கு 53 ஆட்டம் என்றால் ஆண்டுக்கு இரண்டு. அவற்றிலும் கணிசமானவை 1936 சுற்றுப்பயணம் என்ற ஒரே கோடையில் ஆடியவை. ஆக மற்ற ஆண்டுகளில் கிடைத்தது ஆண்டுக்கு ஒன்று, சில சமயம் இரண்டு. ஆண்டு முழுவதும் காத்திருந்து, ஒரே ஆட்டத்தில் முதல் பந்திலேயே அவுட்டானால், அடுத்த வாய்ப்பு அடுத்த பொங்கலுக்கு. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் 28.91 என்ற சராசரியை, வாரம்தோறும் ஆடுகிறவரின் சராசரியோடு ஒரே தராசில் வைப்பது சரியல்ல.

அரசு ஊழியர் ஆறு மாதச் சுற்றுப்பயணத்துக்கு எப்படிப் போக முடிந்தது?

விடுப்பைச் சேர்த்துத்தான் போயிருக்க வேண்டும். 11 மாதம் வேலை பார்த்தால் 1 மாதம் சம்பள விடுப்பு சேரும் என்பது அன்றைய அரசுப் பணியின் பொதுக் கணக்கு. இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பரில் முடியும். கப்பல் பயணம் மட்டும் போக மூன்று வாரம், வர மூன்று வாரம். இந்தக் கணக்கில் ஆறு மாத விடுப்பு சேர ஐந்தரை ஆண்டு சேவை வேண்டும். மேலதிகாரியின் ஒப்புதல் தனி. அன்றைய இந்திய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சமஸ்தானங்களின் ஆதரவில் இருந்தவர்கள் அல்லது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். மாதச் சம்பளக்காரர் தேசிய அணியில் இடம்பிடிப்பது அரிது.

40 வயதில் டெஸ்ட் அறிமுகம் – உண்மையிலேயே என்ன நடந்தது?

1936 சுற்றுப்பயணத்தில் அணித் தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமார். லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் இந்தியா தோற்றது. ராமசாமி அதில் ஆடவில்லை. மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் ஜூலை 25 அன்று தொடங்கிய இரண்டாவது டெஸ்டில் இடம் கிடைத்தது. அன்று அவருக்கு வயது 40 ஆண்டு 39 நாள். டெஸ்ட் போட்டி அப்போது இங்கிலாந்தில் மூன்று நாள்தான்.

முதல் நாள் இந்தியா 203 ரன்னுக்குச் சுருண்டது. அதில் இடக்கை மட்டையாளர் ராமசாமி எடுத்தது 40. மாலைக்குள் இங்கிலாந்து 2 விக்கெட்டுக்கு 173. நடுவில் ஞாயிறு ஓய்வு. இரண்டாம் ஆட்ட நாளான ஜூலை 27 டெஸ்ட் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது: இங்கிலாந்து 398 ரன் சேர்த்து 8 விக்கெட்டுக்கு 571 என்று டிக்ளேர் செய்தது, ஹாமண்ட் 167. பிறகு விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் விக்கெட் இழக்காமல் 190 குவித்தார்கள். ஒரே நாளில் 588 ரன்.

அதோடு கதை முடிந்துவிட்டதாக எழுதுபவர்கள் கடைசி நாளை மறந்துவிடுகிறார்கள். இன்னிங்ஸ் தோல்வியைத் தவிர்க்கவே இந்தியாவுக்கு 368 தேவை. கையில் இருப்பது 190. முதல் விக்கெட் 203இல் விழுந்தது. மெர்ச்சண்ட் 114, முஷ்டாக் 112 என்று இருவரும் போனபின் யாராவது நிற்காவிட்டால் ஆட்டம் கைவிட்டுப் போகும். ராமசாமி 60 எடுத்தார். இந்தியா 5 விக்கெட்டுக்கு 390, ஆட்டம் டிரா. அந்த நாளில் இந்தியா சேர்த்த 200 ரன்னில் 60 அவருடையது. சதம் அடித்த இருவர் பெயர் நிலைத்தது நியாயமே. டிராவை உறுதிசெய்ததில் இந்த 60க்கும் பங்குண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓவலில் மூன்றாவது டெஸ்ட், ஆகஸ்ட் 15 தொடக்கம். இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 471; ஹாமண்ட் இம்முறை 217. இந்தியா 222, ஃபாலோ ஆன் (உடனே மறுபடி மட்டை பிடிக்க வேண்டிய நிலை), பிறகு 312. கப்பி ஆலன் 80 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்த அந்த இரண்டாம் இன்னிங்ஸில் சி.கே. நாயுடு 81, ராமசாமி ஆட்டமிழக்காமல் 41. முதல் இன்னிங்ஸில் 29. இங்கிலாந்து 9 விக்கெட்டில் வென்றது. அவருக்கு அதுவே கடைசி டெஸ்ட்.

சராசரி 56.66 என்பது எப்படி வருகிறது?

40 + 60 + 29 + 41 = 170. நான்கு இன்னிங்ஸில் மூன்று முறைதான் அவுட். 170ஐ 3ஆல் வகுத்தால் 56.66. இந்த எண்ணை வைத்து 'இந்தியாவின் தலைசிறந்த சராசரிகளில் ஒன்று' என்று கொண்டாடுவது மிகை, இரண்டே டெஸ்ட். எங்கள் கண்ணுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: நான்கு முறை இறங்கி ஒருமுறைகூட 29க்குக் கீழே அவுட்டாகவில்லை. அதுவும் 40 வயதில், பழக்கமில்லாத மண்ணில்.

பழக்கமில்லாத மண் என்றால்?

இந்தியாவில் அன்று பல ஆட்டங்கள் கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளத்தில் நடந்தன. பாயை இழுத்து, ஓரமெல்லாம் ஆணி அடித்து, விறைப்பாக நிறுத்துவார்கள். கெட்டித் தரையில் விறைப்பான பாய் என்றால் பந்து உயரமாகவும் சீராகவும் எழும். பாய் தளர்ந்திருந்தால் ஒரு பந்து எகிறும், அடுத்தது படுத்துவிடும். இங்கிலாந்தில் புல்தரை; மழை பெய்தால் ஆடுகளம் நனையும், ஏனென்றால் ஆட்டம் தொடங்கியபின் அதை முழுக்க மூடும் வழக்கம் இல்லை. நனைந்த தரையில் பந்து தாமதமாக வரும். பாயில் ஆடிப் பழகியவர் மட்டையைச் சீக்கிரம் வீசி, பந்தைக் காற்றில் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

இந்தியாவின் மிக மூத்த டெஸ்ட் அறிமுக வீரர் இவர்தானா?

இல்லை, இரண்டாமவர். 1933 டிசம்பரில் பம்பாயில் முதல் டெஸ்ட் ஆடிய ருஸ்தம்ஜி ஜாம்ஷெட்ஜிக்கு அன்று வயது 41 கடந்திருந்தது.

டெஸ்டும் டேவிஸ் கோப்பையும் ஆடியவர் வேறு யாராவது உண்டா?

மேற்கிந்தியத் தீவுகளின் விக்கெட் கீப்பர் ரால்ஃப் லெகால். அவர் ஆடிய நான்கு டெஸ்டும் 1953இல் இந்தியாவுக்கு எதிராக. அந்தச் சுற்றுப்பயணத்தில் விஜய் ஹசாரே தலைமையிலான இந்திய அணிக்கு மேலாளராகப் போனவர் ராமசாமி! லெகால் பிறகுதான் கரீபியத் தீவுகளின் சார்பில் டேவிஸ் கோப்பை ஆடினார். ஆக, இந்த அரிய வரிசையைச் சேர்ந்த இருவரும் ஒரே மைதானங்களில் எதிரெதிர் முகாமில் இருந்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலிய மருத்துவர் லெஸ்லி போய்டெவினை இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அவர் டேவிஸ் கோப்பை ஆடினார். நியூ சவுத் வேல்ஸுக்கும் லங்காஷயருக்கும் கிரிக்கெட் ஆடினார். டெஸ்ட் ஆடவில்லை.

எம்.ஜே. கோபாலனும் இரட்டை விளையாட்டு வீரர்தானே? இருவரையும் குழப்பிக்கொள்கிறார்களே?

ஒரே காலம், ஒரே ஊர், ஒரே சுற்றுப்பயணம் என்பதால் வரும் குழப்பம். செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்தில் பிறந்த கோபாலன், கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடியவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஒரு டெஸ்ட். 1935இல் தயான் சந்த் இருந்த ஹாக்கி அணியோடு நியூசிலாந்துப் பயணம். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட்டா என்ற நிலையில் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கம் வென்றது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்கவில்லை. அதே பயணத்தில் அவரைவிடப் 13 வயது மூத்த ராமசாமிக்கு இரண்டு டெஸ்ட் கிடைத்தது. மனத்தை உறுத்தும் கணக்குதான் அது.

இரண்டு ஆட்டமும் ஒன்றுக்கொன்று உதவுமா, கெடுக்குமா?

இரண்டும் உண்டு. பந்தை வெகு சீக்கிரம் கண்டு கால் நகர்த்தும் பழக்கம் இரண்டுக்கும் பொது. வலையருகே நின்று இரட்டையர் ஆடுபவருக்குக் கை வேகமாக இருக்கும். கெடுப்பது வீச்சு: டென்னிஸில் மட்டை உடலைக் குறுக்கே கடந்து சுற்றும், கிரிக்கெட்டில் நேரான பந்துக்கு மட்டை செங்குத்தாக வர வேண்டும். டென்னிஸ் பருவத்திலிருந்து நேராகக் கிரிக்கெட்டுக்கு வந்தால் குறுக்கு மட்டையில் போல்டாவது வாடிக்கை. அதைச் சரிசெய்ய வலைப்பயிற்சியில் முதல் சில நாள்கள் நேர் அடியை மட்டுமே ஆடுவது பழைய முறை.

அவர் எப்போது இறந்தார்?

1985 அக்டோபர் 15 காலை, அடையாறில் இருந்த வீட்டிலிருந்து வெளியே போனார். வயது 89. திரும்பி வரவில்லை. அதனால்தான் பதிவேடுகளில் இறந்த நாளுக்குரிய இடத்தில் 'இறந்ததாகக் கருதப்படுகிறது' என்பது போன்ற குறிப்பு இருக்கிறது.

அன்று நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, ஒருவரைப் பற்றி வழக்கமாகத் தகவல் அறியக்கூடியவர்கள் ஏழாண்டு எதுவும் அறியாதிருந்தால், அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்பவரே அதை நிறுவ வேண்டும். அந்தக் கணக்கில் ஏழாண்டு 1992 அக்டோபரில் முடிந்தது. சட்டம் தரும் இந்த அனுமானம் இறந்த தேதியைச் சொல்வதில்லை. ஆகவே எங்காவது உறுதியான ஒரு தேதியைப் பார்த்தால், அதை அப்படியே எடுத்து எழுதிவிட வேண்டாம். 'கடைசியாகக் காணப்பட்டது 15 அக்டோபர் 1985' என்று எழுதுவதே நேர்மை.

இவரைப் பற்றிப் பழைய பத்திரிகைகளில் தேட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

பெயரை நம்பித் தேடாமல் தேதியை நம்பித் தேடுங்கள். பெயர் கோட்டா, கோதா, கோடா, ராமஸ்வாமி, ராமசாமி, ராமஸ்வாமி நாயுடு என்று பலவாறு வரும். தேதி மாறாது. முதலில் 1915–16இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி இரண்டாம், மூன்றாம் வாரம்: பொங்கல் மேட்ச். அடுத்து 1922 கோடை: டேவிஸ் கோப்பை. பிறகு 1936 ஜூலை 25 முதல் 28, ஆகஸ்ட் 15 முதல் 18. கடைசியாக 1953இன் முதல் சில மாதங்கள்: மேற்கிந்தியப் பயணம். 'எம். ராமசாமி' என்று தந்தையின் முதலெழுத்தைப் போட்டுத் தேடினால் எதுவும் கிடைக்காது. அவரே ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு 1966இல் வெளிவந்தது. பழைய நூலகங்களில் விளையாட்டுப் பிரிவில் இல்லாவிட்டால் வாழ்க்கை வரலாற்றுப் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள்.